வெயிலு முறை

ஜூன் 9, மதுரை

என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு, அதன்பின் வயிறு எப்படி இருந்தது. இந்த நான்கையும் தினமும் எழுதி, பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவர வேண்டுமாம். நோட்டைக் கொடுத்தவள் நிவேதா என்ற பெண். இந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயத்துக்கு அவள்தான் அதிகாரி. வயது இருபத்தாறு இருக்கும். என் கடைப் பெயர்ப்பலகைக்கு அவளைவிட வயது அதிகம்.

காலை 8: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மருந்து மூடியால் இரண்டு மூடி. மூடி ஒன்றுக்கு முப்பது மில்லி.
10: இளநீர், ஒரு மூடி.
12: மறுபடி பருப்புத் தண்ணீர்.
வயிறு: இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அவள் கேட்டதை எழுதியாயிற்று. இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். பெயர் வெயிலுமுத்து. வயது அறுபத்தொன்று. கோவில்பட்டியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. தொழிலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து நானே கற்றுக்கொண்டேன். நான் கட்டிய காயிலை இதுவரை இன்னொரு மெக்கானிக் அவிழ்த்ததில்லை. அப்படிப்பட்டவனின் வயிற்றைப் போன வாரம் நாலு பேர் சேர்ந்து திறந்து, இரைப்பையைக் கோழிமுட்டை அளவுக்குச் சுருக்கி, குடலை வெட்டித் திருப்பி இணைத்திருக்கிறார்கள். எடை நூற்றிருபத்தெட்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டிவலி என்று காரணம் நிறையச் சொன்னார்கள். முடிவு செய்தது மதுரையில் இருக்கும் என் மகள் மாரிச்செல்வி. நான் கையெழுத்துதான் போட்டேன்.

ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

ஜூன் 12

நிவேதாவுடன் வாக்குவாதம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்கக் கூடாதாம்.

"தண்ணி இல்லாம சாப்பாடு எப்படிம்மா இறங்கும்?"

"இருபத்தஞ்சு தடவை மெல்லுங்கப்பா. தானா இறங்கும்."

"கஞ்சியையுமா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இவளுக்கு நான் எப்போது அப்பா ஆனேன் என்றும் தெரியவில்லை.

சர்க்கரை மாத்திரையைப் பெரிய டாக்டர் அடியோடு நிறுத்திவிட்டார். சாப்பாடு இவ்வளவு குறைந்தபின் பழைய மாத்திரையைப் போட்டால் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடும் என்றார். அதற்குப் பதில் சத்து மாத்திரை, ஆயுளுக்கும்.

ஜூன் 15

ஞானதுரை போன் செய்தார்.

"எங்கவே போய்த் தொலைஞ்சீரு? கடை பூட்டியே கெடக்கு."

"மக வீட்டுல வேலை மாஸ்டர். மோட்டார், குழாய் எல்லாத்தையும் மாத்துறோம்."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

ஞானதுரை பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடச் சிநேகம். ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு என் கடை ஸ்டூலில் வந்து உட்காருகிறவர். அவரிடம்கூடச் சொல்லவில்லையா என்று ஆவுடை கேட்கிறாள். ஆவுடையம்மாள் என் மனைவி. கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள்.

சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. பல வருடத்துக்கு முன் ஞானதுரை எனக்குச் சொல்லாமல் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். ஒரு மனிதன் ஆஸ்பத்திரியில் படுத்தால், சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். அது சிநேகிதனின் உரிமை. அதை அவர் பறித்தார். பதினோரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறதைச் சொல்லாதவன் சாவுக்கும் சொல்லாம இருக்கட்டும்" என்று கடைத்தெருவில் வைத்தே சொன்னேன். அதை இப்போது எந்த வாயால் திருப்பி வாங்குவது?

ஜூன் 27

காலை: பாலில் கரைத்த இட்லி, பாதி.
வயிறு: நுரை நுரையாக வாந்தி.

வேகமாகத் தின்றதாக மாரிச்செல்வி சொல்கிறாள். நான் வேகமாகத் தின்னவில்லை. இட்லிதான் வேகமாகப் போய்விட்டது.

ஜூலை 1

மலச்சிக்கல், நான்காம் நாள். வேறு எதையும் எழுதுகிற மனநிலை இல்லை.

ஜூலை 2

விடுதலை.

ஜூலை 8, கோவில்பட்டி

எடை நூற்றுப் பதினாலு. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் ஒன்பது பேர் நிறுத்தினார்கள். மருந்துக்கடைக்காரன், "அண்ணாச்சி, உடம்புக்கு ஏதும் சங்கடமா?" என்று குரலை இறக்கிக் கேட்டான். என்னைப் பாதி புதைத்தே விட்டான்.

கடையைத் திறந்ததும் ஞானதுரை வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னவே இது! மீதி ஆளு எங்க?"

"கட்டுப்பாடு மாஸ்டர்."

"என்ன கட்டுப்பாடு?"

"வாயைக் கட்டினேன். ஒரு நேரத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம். இருபத்தஞ்சு தடவை மெல்லணும். சாப்பிடும்போது தண்ணி கெடையாது. அம்புட்டுத்தான்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"எனக்கு எவன் எதைச் சொல்லிக் குடுத்தான்? நானேதான் கண்டுபிடிச்சேன்."

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 13

சங்கதி பரவிவிட்டது. காலையில் மைதானத்தில் நடக்கப் போனால் கூடவே ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். இதற்கு "வெயிலு முறை" என்று பெயரே வைத்துவிட்டார்கள். முடிதிருத்தும் கடையில் என்னைக் காட்டி, "மன உறுதின்னா இந்த ஆளுதான்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. மூன்று மாத்திரை, இரண்டு ஊசித் தழும்பு, ஐந்து வெட்டுத் தழும்பு, நுரை வாந்தி எல்லாவற்றையும் தாங்கியது யார்? உறுதி என்னுடையதுதானே.

மற்றவர்கள் மூன்றே நாளில் பரோட்டாக் கடைக்குத் திரும்பிவிட்டார்கள். ஞானதுரை மட்டும் விடவில்லை. செப்டம்பர் பதினாலாம் தேதி அவருக்கு நாற்பதாவது கல்யாண நாள். கல்யாணத்துக்குத் தைத்த சாம்பல் நிறக் கோட்டை மாட்டி, பட்டனையும் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. இப்போதைக்கு இரண்டு பட்டன்களுக்கும் அவற்றின் துளைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கடைச் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு, இரண்டு பேர் எடையையும் வாராவாரம் குறிக்கிறார்.

"என்னைவிட நீரு சின்னவரு. உம்மால முடிஞ்சா என்னாலயும் முடியும்வே."

அவரும் சர்க்கரைக்காரர். காலையில் இரண்டு, மாலையில் ஒன்று போடுகிறார். மாத்திரையை என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

ஜூலை 19

புரதம் குறைகிறது என்று நிவேதா போனில் கண்டித்தாள். முட்டை, பருப்பு, வேகவைத்த நிலக்கடலை சேர்க்கச் சொன்னாள். யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் கடலைக்கா பஞ்சம்? கடலை மிட்டாயிலும் கடலைதான் இருக்கிறது. வெல்லம், கடலையைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தானே! காயிலில் கம்பி நகராமல் பிடிக்க வார்னிஷ் ஊற்றுகிறோமே, அதே போல.

11 மணி: கடலை மிட்டாய், மூன்று துண்டு. இருபத்தைந்து தடவை மென்றேன்.
11.20: நெஞ்சு படபடவென்று அடித்தது. கொட்டும் வியர்வை, வயிற்றைப் பிசைந்தது, கழிப்பறைக்கு ஓட்டம்.
1 மணி: கை நடுங்கியது, கண் இருட்டியது. சாவு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஆவுடை நிவேதாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

"அப்பா, இனிப்பு நேரா குடலுக்குப் போயிருக்கு. சர்க்கரை சட்டுனு ஏறி, சட்டுனு இறங்கிருச்சு. அதான் நடுக்கம். கடலைதான சொன்னேன்? மிட்டாய் எங்கருந்து வந்துச்சு?"

"நீ மதுரைக்காரி. எங்க ஊருல கடலைன்னா அப்படித்தாம்மா வரும்."

மீதி மிட்டாயை எறும்புக்குப் போட்டுவிட்டேன்.

ஜூலை 28

மதியம்: குழைந்த சாதம் மூன்று ஸ்பூன், மசித்த பருப்பு, முட்டை வெள்ளை ஒன்று.
வயிறு: அமைதி.
சத்து மாத்திரை: போட்டாயிற்று.

மாலை: ஆவுடை மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிவிட்டாள். ஆகவே மேலே உள்ள வரியை அடித்துவிட்டு, இப்போது போட்டதாகக் கொள்ளவும்.

ஞானதுரை மூன்று கிலோ குறைந்துவிட்டார். சுவரில் அவர் கோடு என் கோட்டைத் துரத்துகிறது.

ஆகஸ்ட் 4, மதுரை

பரிசோதனை. எடை நூற்றெட்டு. டாக்டருக்குத் திருப்தி. நிவேதா நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாள். சாப்பாட்டு வரிகளை மட்டும்தான் படிப்பாள் என்று நினைத்திருந்தேன். ஜூலை பதின்மூன்றில் விரலை வைத்து நிறுத்திவிட்டாள்.

"அப்பா, இந்த மாஸ்டர் சார் இப்பவும் முழு மாத்திரை போடுறாரா?"

"அது அவர் விஷயம்மா."

"உங்க மாத்திரைய எதுக்கு நிறுத்துனோம்? உங்களுக்கு ஆபரேஷன் பண்ணி, அப்பப்ப ரத்தம் பார்த்து, நாங்க கூடவே இருக்கோம். அவரு பாட்டுக்கு ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டு மூணு மாத்திரை போட்டா என்னாகும்? இன்னைக்கே சொல்லிருங்க."

நோட்டிலேயே சிவப்பு மையால் எழுதிவிட்டாள்: அவரை உடனே அவருடைய டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் நோட்டில் இன்னொருத்தர் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 5

சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் நாளைக்குக் குறை சொல்லக் கூடாது.

"மாஸ்டர், அந்தச் சர்க்கரை மாத்திரையக் கொஞ்சம் கொறைச்சா என்ன? டாக்டரைப் பாத்துட்டு வாருமே."

"நீரு கொறைச்சீரா?"

"...நிறுத்திட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"டாக்டரத்தான்."

"எந்த டாக்டரு?"

இதற்கு உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. நான் ஸ்பேனரைத் தேடத் தொடங்கினேன். கையில்தான் இருந்தது.

"நீரு மோட்டார் டாக்டருவே. உம்ம பேச்சக் கேட்டு மாத்திரைய விட்டா ரோஸ்லின் என்னை வீட்டை விட்டு வெரட்டிருவா" என்று சிரித்தார். ரோஸ்லின் அவர் மனைவி.

ஆகஸ்ட் 11

காலை: பாசிப்பயறுத் தோசை, உள்ளங்கை அளவு ஒன்று. வயிறு: நன்று.

ஞானதுரை கையை ஊன்றாமல், காம்பஸ் இல்லாமல், ஒரே இழுப்பில் வட்டம் போடுவார். நாணயத்தை வைத்து வரைந்ததுபோல இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்காகவே அவர் வகுப்புக்குக் காத்திருப்பார்களாம். இன்றைக்கு மோட்டார் மூடியில் வட்டம் போட்டார். உருளைக்கிழங்குபோல வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதுவும் அப்படியே.

வயதாகிறது.

ஆகஸ்ட் 16

கோட்டில் ஒரு பட்டன் ஏறிவிட்டதாம். இந்த வாரம் எடை குறைந்த கணக்கில் சுவரில் என்னை முந்திவிட்டார். எனக்குப் பொறாமை என்கிறாள் ஆவுடை. பொறாமையில்லை. அது என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

"உங்க வயித்துல இருக்கத அவர்கிட்டச் சொல்லப்போறியளா, இல்ல நான் போய்ச் சொல்லட்டா?"

"நாளைக்குச் சொல்லுதேன்."

ஆகஸ்ட் 17

ஞாயிறு. அவர் சர்ச்சுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 18

பத்து ஹெச்.பி. மோட்டார் ஒன்று வந்துவிட்டது.

ஆகஸ்ட் 20

இன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

காலை பத்தே கால் மணி. ஞானதுரை ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடியது. ஆனாலும் அவர் சட்டை நனைந்திருந்தது. பேச்சு குழறியது. என்னை ஏதோ பழைய மாணவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கையிலிருந்த சாக்பீஸ் நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். ஜூலை பத்தொன்பதாம் தேதி என் கையில் இருந்தது.

வார்னிஷ் டப்பாவுக்குப் பின்னால் இருந்த கடலை மிட்டாயை எடுத்தேன். (எறும்புக்குப் போட்டதாக எழுதியிருந்தேன். எறும்பு வரட்டும் என்று வைத்திருந்தேன்.) உடைத்து அவர் வாயில் வைத்து, "மெல்லும் மாஸ்டர், மெல்லும்" என்று கத்தினேன். எதிர் டீக்கடையில் சீனித் தண்ணீர் கரைக்கச் சொல்லி அதையும் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கண் தெளிந்து, "எதுக்குவே கத்துறீரு?" என்றார். 

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அத்தனை சீனிக்குப் பிறகும் சர்க்கரை அறுபத்தைந்துதான் இருந்தது. ரோஸ்லின் அம்மா ஓடி வந்தார். வரும்போதே அழுகை.

டாக்டர் கேட்டார்: "என்ன சாப்பிட்டீங்க காலையில?"

"ஒரு கிண்ணம். அரை இட்லி, கொஞ்சம் பருப்பு."

"மாத்திரை?"

"எப்பவும் போல ரெண்டு."

"இதென்ன சார் கூத்து? யாரு இப்படிச் சாப்பிடச் சொன்னது?"

"வெயிலு முறை" என்றார் ஞானதுரை. அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை.

டாக்டர், நர்ஸ், ரோஸ்லின் அம்மா, பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அறுபத்தொரு வருடத்தில் நான் செய்த வேலையில் தப்பு என்று ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. தப்பு இருந்ததில்லை என்பதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"முறையெல்லாம் ஒண்ணும் கெடையாது. ஜூன் மாசம் மதுரையில வயித்துல ஆபரேஷன் பண்ணினேன். என்னால நெனைச்சாலும் ஒரு கிண்ணத்துக்கு மேல திங்க முடியாது. அந்த மாத்திரையையும் அப்பவே நிறுத்திட்டாங்க. மாஸ்டர்கிட்டப் பொய் சொன்னேன்."

ஐந்து தழும்புகளையும் ஞானதுரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ரோஸ்லின் அம்மா மட்டும், "சட்டைய இறக்குங்க அண்ணாச்சி" என்றார்.

ஆகஸ்ட் 23

மதியம்: தயிர்சாதம், நாலு ஸ்பூன். வயிறு: இறங்கவில்லை.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். மாத்திரையை ஒன்றாகக் குறைத்து, மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்களாம். மருந்துக்கடைக்காரன் சொன்னான். சாத்துக்குடி, ரொட்டி எல்லாம் வாங்கி, பையோடு அவர் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனேன். கடைத்தெருவில் நான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 1

மைதானத்தில் இப்போது என்னோடு யாரும் நடப்பதில்லை. முடிதிருத்தும் கடையில், "வயித்தக் கொறைக்க ஆபரேஷனா!" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். தழும்பு என்னுடையது. இருவர் தனியாக வந்து, மதுரையில் எந்த டாக்டர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள்.

காலை பத்து மணிக்கு ஸ்டூல் காலி. பன்னிரண்டு நாள். பதினோரு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பதினோரு மாதமும் அவர் என்ன செய்தார் என்று நான் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 8, மதுரை

எடை நூற்றொன்று. ஆகஸ்ட் இருபதை நிவேதா இரண்டு தடவை படித்தாள். பிறகு, "எறும்பு வரட்டும்னு வச்சிருந்தீங்களாப்பா?" என்றாள்.

"ஆமாம்மா."

"இனிமே வைக்காதீங்க."

"சரிம்மா."

நான் சரி என்று சொன்னதை அவளால் நம்ப முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

செப்டம்பர் 14

காலை: முட்டை ஒன்று, தோசை பாதி. வயிறு: நன்று.

பதினோரு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். ஞானதுரையும் ரோஸ்லின் அம்மாவும். நேராகச் சர்ச்சிலிருந்து வருகிறார்கள். அவர் சாம்பல் நிறக் கோட்டோடு இருந்தார். பட்டன் போடவில்லை. இரண்டு பக்கமும் கதவுபோலத் திறந்து கிடந்தது. கையில் ஒரு மஞ்சள் பை.

நான் எழுந்தேன்.

"எந்திரிக்கக் கூடாதுவே. நோயாளி. கட்டில்ல போய்ப் படும்."

"மாஸ்டர், ஆபரேஷன் ஆகி மூணு மாசம் ஆச்சு."

"எனக்கு இப்பத்தான ஆகியிருக்கு. படும்ங்கேன்."

ஆவுடை ஓடிப்போய்க் கட்டிலில் விரிப்பைப் போட்டாள். எனக்குத் துரோகம் செய்வதில் அவளுக்கு இருக்கும் சுறுசுறுப்பு வேறு எதிலும் கிடையாது. படுத்தேன். ஞானதுரை நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கம் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து நாலு சாத்துக்குடியும் ஒரு ரொட்டியும் எடுத்து என் தலைமாட்டில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"இப்ப எப்படிவே இருக்கு?"

தலையணையைச் சரிசெய்து, நோயாளிபோலச் சாய்ந்துகொண்டேன்.

"பரவாயில்ல மாஸ்டர். உமக்கு?"

"அது வேற. அதுக்கு நீரு எங்க வீட்டுக்குப் பையோட வரணும். தெருமுனை வரைக்கும் வந்துட்டு ஓடுறதெல்லாம் கணக்குல சேராது. ரோஸ்லின் மாடியிலருந்து பாத்துட்டா."

"நாளைக்கு வாரேன்."

"மோட்டார் வந்துருச்சும்பீரு."

"வரமாட்டேம்பேனா? வருவேன்."

ரோஸ்லின் அம்மா ஒரு சாத்துக்குடியை உரித்து நீட்டினார். நிவேதா, இதை நீ படிப்பாய் என்று தெரியும். விசாரிக்க வந்தவர் கொடுத்ததை மறுக்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

11.20: சாத்துக்குடி, இரண்டு சுளை. இருபத்தைந்து தடவை மென்றேன். மாஸ்டர் சத்தமாக எண்ணினார். பதினெட்டில் பேச்சு மாறி, விட்ட இடம் மறந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். அவருக்காக நானும் தொடங்கினேன்.
வயிறு: நன்று.

மீதிச் சுளைகளை அவரே தின்றுகொண்டிருந்தார். ரோஸ்லின் அம்மா முறைத்ததும் இரண்டைத் திருப்பி வைத்தார். நோயாளியைப் பார்க்க வந்தவர் செய்கிற காரியமா இது? இதையும் எழுதி வைக்கிறேன்.